வெள்ளாட்டுப் பாலும் தீவனமும்

வெள்ளாட்டுப் பாலின் இயைபு, அதாவது அதில் அடங்கியுள்ள கொழுப்பு, புரதம், சர்க்கரை, தாது உப்புகள், உயிர்ச்சத்துகள் ஆகியவற்றின் அளவும் வகையும், ஆட்டின் இனம், வயது, ஈன்றபின் கடந்த காலம், பருவநிலை, தீவனம் எனப் பல காரணங்களால் மாறுபடுகின்றது. இவற்றுள் ஆடு வளர்ப்பவர் தம் கையால் உடனடியாக மாற்றக்கூடியது தீவனம் ஒன்றே. ஆயினும் தீவனம் பாலின் எல்லாக் கூறுகளையும் ஒரே அளவில் மாற்றுவதில்லை. கொழுப்பின் அளவும் வகையும் வெகுவாக மாறும். புரதம் சிறிதளவே மாறும். பாற்சர்க்கரையும் சுண்ணாம்புச் சத்தும் ஏறத்தாழ மாறுவதே இல்லை.

வெள்ளாடு பலவகை இலைகளைத் தின்பதால் அதன் பாலில் எல்லா மூலிகைகளின் குணமும் உண்டு என்பது தமிழ்நாட்டில் பரவலாக உள்ள நம்பிக்கை. இந்நம்பிக்கை எந்த அளவுக்கு உண்மை என்பதையும், அதனை முழுமையாக நம்பிக் கைக்குழந்தைக்கு ஆட்டுப்பால் மட்டும் கொடுப்பதில் உள்ள இடரையும் மேற்கூறிய வேறுபாட்டைக் கொண்டே விளங்கிக்கொள்ள இயலும். இக்கட்டுரை தென்காசி மாவட்டத்திலுள்ள கடையநல்லூர் வட்டாரத்தின் தீவன வகைகளை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது.

பாலின் இயைபு

100 கிராம் வெள்ளாட்டுப் பாலில் சுமார் 87 கிராம் நீர், ஏறத்தாழ 4 கிராம் கொழுப்பு, 3.5 கிராம் புரதம், 4 முதல் 4.5 கிராம் பாற்சர்க்கரை, 0.8 கிராம் தாது உப்புகள் ஆகியன உள்ளன. சுண்ணாம்புச் சத்து சுமார் 130 மில்லிகிராம். இவ்வெண்களைப் பார்த்தால் பசும்பாலுக்கும் ஆட்டுப்பாலுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. வேறுபாடு கொழுப்பின் வகையில் இருக்கின்றது. 6, 8, 10 கரிம அணுக்களைக் கொண்ட மூன்று கொழுப்பு அமிலங்கள் ஆட்டுப்பாலில் மிகுதி. ஆட்டைக் குறிக்கும் 'காப்ரா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்தே இவற்றுக்குக் காப்ராயிக், காப்ரிலிக், காப்ரிக் அமிலங்கள் என்று பெயர் வந்தது. ஆட்டுப்பால் கொழுப்பில் இம்மூன்றும் சேர்ந்து சுமார் 15 விழுக்காடாகும். பசும்பாலில் இதில் பாதி அளவே உண்டு. ஆட்டுப்பாலுக்குரிய தனி வாடைக்கு இவையும் ஒரு காரணம்.

தீவனம் பாலாகும் வழி

ஆடு தின்ற இலை நேராகப் பாலுக்குச் செல்வதில்லை. அசைபோடும் விலங்குகளின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுள் மிகப் பெரியதான முதல் இரைப்பை ஒரு நொதித்தல் தொட்டியைப் போன்றது. அங்கு வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தீவனத்தை முதலில் உண்கின்றன. அவை வெளியிடும் கழிவையும், பின்னர் அந்நுண்ணுயிர்களையுமே ஆடு தன் உணவாகக் கொள்கிறது. ஆகையால் ஆடு எதைத் தின்கிறது என்பதுடன், அதனை இந்நுண்ணுயிர்கள் எவ்வாறு மாற்றுகின்றன என்பதும் பாலின் தன்மையைத் தீர்மானிக்கின்றது.

நார்ப்பொருள் மிகுந்த வைக்கோல், தட்டை, குழை முதலியவற்றை நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்யும்போது அசிட்டிக் அமிலமும் பியூட்டிரிக் அமிலமும் மிகுதியாகத் தோன்றுகின்றன. இவை குருதி வழியே மடிக்குச் சென்று பாற்கொழுப்பாகின்றன. மேலே கூறிய குறுகிய கொழுப்பு அமிலங்கள் யாவும் இவ்வாறு மடியிலேயே உருவாக்கப்படுபவை. அரிசி, சோளம், மக்காச்சோளம் போன்ற மாவுப்பொருள்கள் நொதிக்கும்போது புரோப்பியோனிக் அமிலம் மிகுதியாகிறது. இதனை ஈரல் குளுக்கோசாக மாற்றுகிறது. அந்தக் குளுக்கோசு மடியில் பாற்சர்க்கரையாகிறது. பாற்சர்க்கரை தன்னுடன் நீரை இழுப்பதால் பாலின் மொத்த அளவு கூடுகிறது. சுருங்கக் கூறின், நார் பாலைக் கொழுப்புள்ளதாக்கும். தானியம் பாலைப் பெருக்கும். இரண்டும் வேண்டும். எது எவ்வளவு என்பதில்தான் ஆடு வளர்ப்போரின் திறமை வெளிப்படுகின்றது.

நார் குறைந்தால் வேறொரு விளைவும் உண்டு. நீளமான நாரை அசைபோடும்போது உமிழ்நீர் நிறையச் சுரக்கும். உமிழ்நீரில் உள்ள சோடா உப்பு முதல் இரைப்பையின் அமிலத்தைத் தணிக்கின்றது. அசைபோடுதல் குறைந்தால் அமிலம் மிகும். நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். பாற்கொழுப்பு புரதத்தின் அளவுக்கும் கீழே இறங்கிவிடும். பாலைச் சோதிப்பவர் கொழுப்பைவிடப் புரதம் மிகுந்திருப்பதைக் கண்டால், தீவனத்தில் நார் போதவில்லை என்று முதலில் ஐயுறுவர்.

கடையநல்லூர் வட்டாரத் தீவனம்

கடையநல்லூர், தென்காசியிலிருந்து மதுரை செல்லும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த நகராட்சி ஆகும். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் உருவாகும்வரை இது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. மலையிலிருந்து வரும் கருப்பாநதி போன்ற சிற்றாறுகளும் அவற்றால் நிரம்பும் குளங்களும் நெல் வயல்களுக்குப் பாசனம் தருகின்றன. கிழக்கே சங்கரன்கோவில் நோக்கிச் செல்லச் செல்ல மானாவாரி நிலமும் கரிசல் மண்ணும் தொடங்குகின்றன. சில மைல் தொலைவுக்குள் நஞ்சை, புஞ்சை, மலையடிவாரம் என மூவகை நிலம் அமைந்திருப்பதால் ஆட்டின் உணவும் இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் வேறுபடுகிறது.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாட்டு இனம் கன்னி ஆடு ஆகும். கருநிற உடலும் முகத்தில் இரு வெண்கோடுகளும் கொண்ட இவ்வினம் சங்கரன்கோவில், கோவில்பட்டி, சாத்தூர் பகுதிகளில் மிகுதி. இது முதன்மையாக இறைச்சிக்காக வளர்க்கப்படுவது. குட்டிகள் குடித்தது போக எஞ்சிய பாலே வீட்டுக்குக் கிடைக்கும். பாலுக்காக வளர்க்க விரும்புவோர் கேரளத்திலிருந்து வந்த தலைச்சேரி ஆட்டையோ வட இந்திய ஜமுனாபாரி ஆட்டின் கலப்பையோ நாடுவர். 2019 ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 இலட்சம் வெள்ளாடுகள் இருந்தன. இருப்பினும், கூட்டுறவுச் சங்கங்கள் வாங்குவது பசும்பாலும் எருமைப்பாலுமே ஆதலால், ஆட்டுப்பால் பெரும்பாலும் வீட்டிலும் தெருவிலுமே செலவாகிவிடுகிறது. அதன் கொழுப்பை அளந்து விலை தருவார் இல்லை. தீவனத்துக்கும் பாலுக்கும் உள்ள தொடர்பு இங்கு அதிகம் கவனிக்கப்படாமைக்கு இது ஒரு காரணமாகலாம்.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரப்புகளிலும் குளக்கரைகளிலும் இளம்புல்லும் செடிகொடிகளும் தழைக்கின்றன. அக்காலத்தில் வயல்களில் பிசான நெல் நிற்பதால் ஆடுகளை அங்கு விட இயலாது. கட்டிப்போட்டோ புறம்போக்கில் மேய்த்தோ வளர்ப்பர். மாசி, பங்குனியில் பிசான அறுவடை முடிந்ததும் வயல்கள் மேய்ச்சலுக்குத் திறக்கின்றன. புஞ்சையிலிருந்து உளுந்தம் பொட்டு, நிலக்கடலைக் கொடி, சோளத்தட்டை ஆகியன கிடைக்கின்றன. சித்திரை, வைகாசியில் புல் கருகிவிடும். அப்போது ஆட்டைக் காப்பவை மரங்களே. தொரட்டியால் ஒடித்துப் போடும் வேம்பு, ஆல், அரசு, பூவரசு, வாகை ஆகியவற்றின் குழையும், உதிரும் கருவேலங்காயும் சீமைக்கருவேலங்காயும் அந்நாளைய தீவனம். ஆனியில் குற்றாலச் சாரல் தொடங்கும்போது அடிவாரத்தில் மீண்டும் சிறிது பச்சை தென்படும்.

மலையடிவார மேய்ச்சல் முன்போல் இல்லை. கடையநல்லூருக்கு மேற்கிலுள்ள காடுகள் 2015 இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தில் அடங்குகின்றன. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, அதே மாதத்தில் அத்தடையைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றுக்கு மட்டும் எனத் திருத்தியது. காட்டுக்கு இதனால் நன்மை உண்டு. ஆட்டுக்கோ, வீட்டைச் சுற்றியுள்ள மரக்குழையும் கடையில் வாங்கும் தவிடும் புண்ணாக்குமே எஞ்சுகின்றன.

கொழுப்பு

கோடையில் ஆட்டுப்பால் கெட்டியாக இருக்கும் என்று கூறுவது உண்டு. இது பெரும்பாலும் உண்மையே. ஆனால் அதனைத் தீவனத்தின் நலத்துக்குச் சான்றாகக் கொள்வது பிழை. தீவனம் குறையும்போது பாலின் அளவு குறைகிறது. குறைந்த பாலில் கொழுப்பு செறிவாகிறது. அத்துடன் ஆடு தன் உடற்கொழுப்பைக் கரைத்தும் பாலுக்கு அனுப்புகிறது. எடுத்துக்காட்டாக, மழைக்காலத்தில் 1 கிலோ பால் 3.5 விழுக்காடு கொழுப்புடன் கிடைப்பதாகக் கொண்டால் மொத்தக் கொழுப்பு 35 கிராம். கோடையில் அதே ஆடு 600 கிராம் பாலை 4.5 விழுக்காடு கொழுப்புடன் தருமாயின் மொத்தம் 27 கிராம் மட்டுமே. விழுக்காடு உயர்ந்தது, கொழுப்போ குறைந்தது. பாலின் தரத்தைப் பற்றிய பேச்சில் விழுக்காட்டையும் மொத்த அளவையும் பிரித்துக் காணாமையால் விளையும் குழப்பம் மிகுதி.

எண்ணெய் மிகுந்த தீவனத்துக்கு ஆடு மாட்டைப்போல் நடந்துகொள்வதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. மாட்டுக்குச் செடிகளிலிருந்து கிடைக்கும் எண்ணெயை மிகுதியாகக் கொடுத்தால், குறிப்பாகத் தீவனத்தில் தானியம் மிகுந்திருக்கும்போது, பாற்கொழுப்பு குறைந்துவிடுவது வழக்கம். வெள்ளாட்டில் பெரும்பாலும் அது கூடுகிறது. பிரான்சின் தேசிய வேளாண்மை ஆய்வு நிறுவனத்தில் ஈவ் சிலியார் குழுவினர் மேற்கொண்ட ஆய்வுகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டின. ஆகவே மாட்டுக்குரிய தீவன அறிவுரையை ஆட்டுக்கு அப்படியே பொருத்துதல் தகாது.

எண்ணெயின் வகையும் பாலில் தென்படுகிறது. தேங்காய்ப் புண்ணாக்கில் எஞ்சிய எண்ணெயில் லாரிக் அமிலமும் மிரிஸ்டிக் அமிலமும் மிகுதி. அதனை நிறையத் தின்ற ஆட்டின் பாற்கொழுப்பிலும் இவை கூடும். நெல் விளையும் ஊர்களில் எளிதில் கிடைக்கும் பச்சைத் தவிட்டில் 12 முதல் 15 விழுக்காடுவரை எண்ணெய் இருப்பதுண்டு. அதில் உள்ள லினோலெயிக் அமிலம் போன்ற நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களை முதல் இரைப்பையின் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் ஏற்றி நிறைவுறு கொழுப்பாக மாற்றிவிடுகின்றன. எனவே தவிட்டெண்ணெய் பாலில் தவிட்டெண்ணெயாகவே வந்து சேராது. ஆயினும் இம்மாற்றம் பாதி வழியில் நிற்கும்போது வாக்சீனிக் அமிலம் தோன்றுகிறது. அதிலிருந்து மடியில் ரூமெனிக் அமிலம் உருவாகிறது. உடல்நலத்துக்கு நன்மை தரக்கூடும் என்று கருதி அதிகம் ஆராயப்பட்டுள்ள இவ்வமிலம், பசும்புல் தின்னும் ஆட்டின் பாலில் கூடுதலாகவும், வைக்கோலும் தானியமும் தின்னும் ஆட்டின் பாலில் குறைவாகவும் காணப்படுகிறது. பச்சைத் தவிடு சில நாள்களிலேயே சிக்கல் வாடை அடித்துவிடுமாதலால் புதிதாக அரைத்ததையே கொடுக்க வேண்டும்.

குழையும் துவர்ப்பும்

வைக்கோலில் உள்ள புரதம் 3 அல்லது 4 விழுக்காடு மட்டுமே. உலர் எடையில் கணக்கிட்டால் அகத்தியிலும் சூபாபுல் எனப்படும் சவுண்டலிலும் இது 20 விழுக்காட்டுக்கு மேல். நிலக்கடலைப் புண்ணாக்கில் 40 விழுக்காட்டுக்கு மேலும், தேங்காய்ப் புண்ணாக்கில் சுமார் 20 விழுக்காடும் உண்டு. ஆயினும் தீவனப் புரதத்தை இருமடங்காக்கினால் பாலின் புரதம் இருமடங்காகாது. புரதக் குறைவான தீவனத்தைச் சரிசெய்தால் முதலில் பாலின் அளவு கூடும்; பாலிலுள்ள புரத விழுக்காடு சிறிதே உயரும். தேவைக்கு மிஞ்சிய புரதம் முதல் இரைப்பையில் அமோனியாவாகி, ஈரலில் யூரியாவாகி, சிறுநீரிலும் சிறிது பாலிலும் வெளியேறுகிறது. விலை கொடுத்து வாங்கிய புண்ணாக்கு இவ்வாறு வீணாவது உண்டு.

மரக்குழைகளில் இலையின் புரத அளவை மட்டும் பார்த்தல் போதாது. கருவேல், வாகை, ஆல் முதலியவற்றில் டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள் உள்ளது. ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிடுவதும் இதே பொருளின் செயலால்தான். அது புரதத்தைப் பற்றிக்கொண்டு இறுகச் செய்கிறது. தீவனத்தில் 2 முதல் 4 விழுக்காடு அளவில் டானின் இருந்தால் நன்மையே. அது இலைப் புரதத்தைப் பற்றிக்கொண்டு முதல் இரைப்பையில் வீணாக அமோனியாவாகாமல் காத்து, பின்னர் குடலில் விடுவிக்கிறது. 5 விழுக்காட்டைக் கடந்தால் தீவனம் கசந்து ஆடு குறைவாகத் தின்னும், தின்றதும் செரிக்காது, பால் குறையும். மேய்ச்சலில் விடப்பட்ட ஆடு ஒரே மரத்தை மொட்டையடிக்காமல் சற்றே கடித்துவிட்டு அடுத்ததற்கு நகர்வதை யாவரும் கண்டிருப்பர். இதனை ஆட்டின் நிலையின்மை என்பர். உண்மையில், எந்த ஒரு நஞ்சும் அளவு மிஞ்சாதபடி காக்கும் பழக்கம் இது. கட்டிப்போட்டு ஒரே வகைக் குழையைக் கொடுக்கும்போது இப்பாதுகாப்பு இல்லாமற் போகிறது.

சவுண்டல் குழை இதற்கு ஒரு சான்று. அதிலுள்ள மைமோசின் என்னும் நஞ்சு கால்நடைகளுக்கு மயிர் உதிர்தலையும் கழுத்துக் கழலையையும் உண்டாக்கும். ஆஸ்திரேலியாவில் இம்மரத்தை மேய்ந்த மாடுகள் நோயுற்றபோது, ஹவாய்த் தீவின் ஆடுகள் அதே மரத்தைத் தின்று நலமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்சு என்னும் ஆஸ்திரேலிய ஆய்வாளர் 1980களில் ஹவாய் ஆட்டின் முதல் இரைப்பையிலிருந்த நுண்ணுயிர்களை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு சென்று கால்நடைகளுக்குப் புகட்டினார். நஞ்சு வேலை செய்யவில்லை. அந்நுண்ணுயிருக்குப் பின்னர் அவர் பெயராலேயே சைனர்கிஸ்டசு ஜோன்சியை என்று பெயரிடப்பட்டது. இந்திய ஆடுகளும் மைமோசினைச் சிதைக்க வல்லவை. எனினும் சவுண்டலைப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காமல், வேறு குழைகளுடன் கலந்து கொடுத்தல் நன்று.

மாறாதவை

பாற்சர்க்கரை மடியில் நீரின் அளவைத் தீர்மானிக்கும் பொருளாதலால், அது குறைந்தால் பால்தான் குறையுமே அன்றிச் சர்க்கரை விழுக்காடு குறையாது. சுண்ணாம்புச் சத்தும் அத்தகையதே. தீவனத்தில் அது போதாவிடில் ஆடு தன் எலும்பிலிருந்து எடுத்துப் பாலுக்கு அனுப்பும். பாலில் எவ்வித மாற்றமும் தெரியாது. ஈன்ற ஆடு மட்டும் மெலிந்து தள்ளாடும். பாலின் சுண்ணாம்பை அளந்து ஆட்டின் நலத்தை அறிய முயல்வது பயனற்றது.

கேசீன் என்னும் முதன்மைப் புரதத்தின் வகையும் அளவும் பெரிதும் மரபணுவால் முடிவாகின்றன. பால் திரிந்து கட்டியாக நிற்குமா, நெகிழ்ந்து போகுமா என்பது தீவனத்தைக் காட்டிலும் ஆட்டின் பரம்பரையைப் பொறுத்தது.

உயிர்ச்சத்துகளும் கைக்குழந்தையும்

உயிர்ச்சத்து ஏ தீவனத்தைப் பின்தொடரும். பசுந்தழையிலுள்ள கரோட்டீன் என்னும் மஞ்சள் நிறமியிலிருந்து அது உருவாகிறது. பசு இந்நிறமியில் ஒரு பகுதியை மாற்றாமலேயே பாலில் விடுவதால் பசுநெய் மஞ்சளாக இருக்கும். வெள்ளாடு ஏறத்தாழ முழுவதையும் நிறமற்ற உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றிவிடுகிறது. எனவே ஆட்டுப்பாலும் அதன் வெண்ணெயும் வெண்மையாக இருப்பது சத்துக் குறைவைக் காட்டுவதன்று. கோடையில் சருகு தின்ற ஆட்டின் பாலுக்கும் மழையில் பச்சை தின்ற ஆட்டின் பாலுக்கும் உயிர்ச்சத்து ஏ, ஈ ஆகியவற்றில் வேறுபாடு உண்டு. ஆனால் கண்ணால் அதனை அறிய முடியாது. அயோடின், செலினியம் ஆகியனவும் தீவனத்தில் கூடினால் பாலில் கூடும்.

இவற்றுக்கு மாறானது ஃபோலிக் அமிலக் குழுவைச் சேர்ந்த ஃபோலேட். குருதிச் சிவப்பணுக்கள் முதிர்வதற்கு இது இன்றியமையாதது. தாய்ப்பாலில் 100 கிராமுக்கு 5 முதல் 8 மைக்ரோகிராமும், பசும்பாலில் சுமார் 5 மைக்ரோகிராமும் உள்ள இச்சத்து ஆட்டுப்பாலில் சுமார் 1 மைக்ரோகிராம் மட்டுமே. இங்கு ஒரு முரண் உண்டு. ஃபோலேட் என்ற பெயரே இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இச்சத்து பச்சை இலைகளில் நிறைந்துள்ளது. ஆடு நாள் முழுதும் தின்பதும் இலையே. ஆயினும் முதல் இரைப்பையின் நுண்ணுயிர்கள் தீவன ஃபோலேட்டின் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுவதால் அகத்தியையும் முருங்கையையும் எவ்வளவு கொடுத்தாலும் பாலில் இக்குறை நீங்குவதில்லை.

கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய 1928 இல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்சு, குன்னூரிலும் சில காலம் பணியாற்றினார். ஈச்டுச் சாறு இந்நோயைத் தீர்ப்பதை அவர் 1931 இல் வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருளே பிற்காலத்தில் ஃபோலேட் என அறியப்பட்டது. அதே காலத்தில் ஐரோப்பாவில் ஆட்டுப்பாலை மட்டுமே குடித்து வளர்ந்த குழந்தைகளுக்கு வந்த இரத்தசோகை, 'ஆட்டுப்பால் சோகை' என்றே மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருந்தது. இரண்டும் ஒரே குறைபாட்டின் இரு வடிவங்கள் என்பது பின்னரே விளங்கியது.

தாய்க்குப் பால் சுரக்காத வீடுகளில் ஆட்டுப்பாலைக் கைக்குழந்தைக்குக் கொடுக்கும் வழக்கம் தமிழகச் சிற்றூர்களில் இன்றும் முற்றாக மறையவில்லை. பிறந்து ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு நாளொன்றுக்கு 65 மைக்ரோகிராம் ஃபோலேட் போதுமானதென அமெரிக்க ஊட்டச்சத்து அளவுகோல் கூறுகின்றது. 750 கிராம் ஆட்டுப்பாலில் கிடைப்பது 7 அல்லது 8 மைக்ரோகிராம். கொதிக்க வைத்தால் அதிலும் ஒரு பகுதி அழியும். நீர் கலந்தால் மேலும் குறையும். கொதிக்க வைக்காமல் கொடுக்கவும் இயலாது. புரூசெல்லா முதலிய கிருமிகள் ஆட்டுப்பால் வழியே பரவக்கூடியவை. மேலும் ஆட்டுப்பாலின் புரதம் தாய்ப்பாலினதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருப்பதால் பச்சிளம் குழந்தையின் சிறுநீரகத்துக்கு அது சுமையாகும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்குமாறு உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது. அதற்கு வழியில்லாத நிலையில் மாற்று உணவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆட்டுக்கு நல்ல குழை கொடுத்தோம் என்பது இங்கு விடையாகாது. பலவகை உணவும் உண்ணும் பெரியவர்களுக்கு இக்குறை ஒரு பொருட்டன்று. அவர்கள் கீரையிலும் பயற்றிலும் இச்சத்தைப் பெற்றுவிடுவர்.

மூலிகைக் குணம்

ஆடு எல்லா இலையையும் தின்னும் என்ற கூற்றைத் தமிழ்ச் செடிப்பெயர்களே மறுக்கின்றன. இருமலுக்குக் குடிநீர் காய்ச்சும் ஆடாதோடையின் பெயரை 'ஆடு தொடா இலை' என்பதன் திரிபாகக் கொள்வர். ஆடுதீண்டாப்பாளை என்பது மற்றொரு மூலிகை. சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிசுடோலோக்கிக் அமிலம் அதில் இருப்பது தற்கால வேதியியலால் அறியப்பட்டுள்ளது. மருந்தாகப் புகழ்பெற்ற செடிகள் பலவற்றில் கசப்பும் நஞ்சும் மிகுந்திருப்பதால் ஆடு அவற்றை விலக்குகிறது. தின்னும் இலைகளில் உள்ள வேதிப்பொருள்களிலும் பல, முதல் இரைப்பையிலும் ஈரலிலும் சிதைந்த பின்னரே மடியை அடைகின்றன.

அதற்காக எதுவும் பாலுக்கு வருவதில்லை என்று கூறுவதும் தவறு. இலையின் மணப்பொருள்கள் சில வருகின்றன. பலவகைச் செடிகளை மேய்ந்த ஆட்டின் பாலில் அவ்வாசனைப் பொருள்களைக் கருவிகளால் கண்டறிய முடிகிறது. வெங்காயத் தாளையோ பூண்டையோ தின்ற சில மணி நேரத்துக்குள் பாலில் வாடை தெரிவதை வளர்ப்போர் அறிவர். வேப்பங்குழை மிகுந்தால் பால் கசக்கும் என்பதும் மேய்ப்பர்கள் கூறும் செய்தி. பால் கறந்த பின் இத்தகைய தீவனத்தைக் கொடுத்தால் அடுத்த கறவைக்குள் வாடை பெரும்பாலும் தணிந்துவிடும். ஆட்டுப்பாலின் முடைநாற்றத்துக்குத் தீவனத்தைக் குறைகூறுமுன் கிடா எங்கே கட்டப்பட்டுள்ளது என்பதையும் பார்க்க வேண்டும்; கிடாவின் வாடையைப் பால் எளிதில் ஏற்கும்.

பாலில் வந்து சேரும் கேடுகள்

நன்மையைவிடக் கேடு பாலுக்கு எளிதில் வந்து சேர்கிறது. 1960 இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. அவற்றுக்குக் கொடுத்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சே காரணம் எனக் கண்டறியப்பட்டு, அதற்கு அஃப்ளாடாக்சின் எனப் பெயரிடப்பட்டது. இதனை உண்ட கறவை விலங்கின் ஈரல் அந்நஞ்சை அஃப்ளாடாக்சின் எம்1 என்ற வடிவமாக மாற்றிப் பாலில் வெளியேற்றுகிறது. தின்ற ஒரு நாளுக்குள் பாலில் தோன்றும் இது காய்ச்சினாலும் அழியாது. கெட்ட தீவனத்தை நிறுத்திய சில நாள்களில் பாலிலிருந்து நீங்கிவிடும். ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் வரம்பு. மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பூசணம் பூத்த புண்ணாக்கு, மக்காச்சோளம், கடலைக்கொடி ஆகியவற்றை "ஆடுதானே" என்று போட்டுவிடுவோர் உண்டு. அது திரும்ப வீட்டுக் குவளைக்கே வருகிறது. வெயிலில் காயவைத்தால் பூசணம் உதிரும், நஞ்சு போகாது.

மற்றொரு கேடு திருமண வீட்டிலிருந்து வருவது. கடையநல்லூர் போன்ற ஊர்களில் விருந்துக்குப் பின் எஞ்சும் சோற்றையும் பிரியாணி அரிசியையும் ஆட்டுக்கு அள்ளிப் போடுதல் இயல்பு. வெந்த சோறு முதல் இரைப்பையில் மிக விரைவாக நொதித்து லாக்டிக் அமிலமாகிறது. சிறிதளவாயின் அன்றைய பாலின் கொழுப்பு குறைவதோடு போகும். வயிறு நிறையத் தின்ற ஆடு அசைபோடுவதை நிறுத்தி, வயிறு உப்பி, பல் நெரித்து, ஓரிரு நாளில் இறந்துவிடவும் கூடும். இதனைக் கால்நடை மருத்துவர்கள் அமில நோய் என்பர். சோற்றைப் பழகாத ஆட்டுக்கு இவ்விடர் மிகுதி. உடனே சமையல் சோடாவை நீரில் கரைத்துப் புகட்டுவது முதலுதவியாகும். அதன்பின் காலம் தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். கஞ்சித்தண்ணீரும் கழுநீரும் நாள்தோறும் ஒரே அளவில் கொடுக்கப்படும்போது தீங்கு செய்வதில்லை, ஏனெனில் முதல் இரைப்பையின் நுண்ணுயிர்கள் அதற்குப் பழகிவிடுகின்றன. எந்தப் புதிய தீவனத்தையும் சிறிது சிறிதாக, பத்துப் பதினைந்து நாள்களில் கூட்டிக்கொண்டு செல்வதே முறை. பாலின் இயைபும் அந்நாள்களுக்குப் பின்னரே ஒரு நிலைக்கு வரும்.